வளவாளரின் பையில் என்ன இருக்கிறது?

தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வளவாளராக, அதாவது பிள்ளைகளுக்கு ஒரு விடயத்தைச் சொல்லிக்கொடுக்கும் விருந்தினராக, வருகிறேன் என்று யார் சொன்னாலும், பையில் என்ன கொண்டு வருகிறீர்கள், போகும்போது எதை விட்டுவிட்டுப் போவீர்கள் என்று அதிபர் முதலில் கேட்டுவிட வேண்டும். ஒலிவாங்கி மட்டும் போதும் என்று பதில் வந்தால் அந்த நேரம் கணிதப் பாடத்துக்கே போகட்டும் என்பது என் கருத்து.

ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் நடக்கின்றன. தரம் 6 முதல் 11 வரை எல்லோரையும் மண்டபத்தில் நெருக்கி உட்கார வைப்பது, "முன்னேற வேண்டும், லயத்தை விட்டு வெளியே வர வேண்டும்" என்று ஒன்றரை மணி நேரம் பேசுவது, டொக்டராக யாருக்கு விருப்பம் என்று கை உயர்த்தச் சொல்வது. பேசுகிறவரின் மனம் நல்லதுதான். ஆனால் அம்மாவும் அப்பாவும் இன்றைக்கும் அந்த லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இருக்கிற பிள்ளைக்கு, தன் வீடு வெட்கப்பட வேண்டிய இடம் என்பது மட்டும்தான் அதில் விளங்குகிறது. மன்றாடிக் கேட்கிறேன், இதை நிறுத்துங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு பாடவேளை எடுங்கள், 40 நிமிடம். ஒரு வகுப்பு, 30 பிள்ளைகள், ஒரே ஒரு விடயம், அது எல்லோர் கையிலும் தவழ வேண்டும். எதைக் கொண்டு போவது என்று கேட்கிறவர்களுக்கு முதலில் மழைமானியைத்தான் சொல்வேன். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாடு முழுவதும் மண்ணைச் சரித்தது. இரண்டையும் பார்த்த பிறகு, மழையை அளக்கத் தெரிந்த பிள்ளை லயத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டாமா?

ஐந்து ஐந்து பேராக ஆறு குழு. குழுவுக்கு ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, அடிமட்டம் ஒன்று, கைப்பிடி சிறு கற்கள். வகுப்புக்கு மூன்று சுருள் அகலமான டேப், அழியாத மார்க்கர் இரண்டு. போத்தலின் மேல் பகுதியை, அது ஒடுங்கத் தொடங்கும் இடத்தில், முந்தின நாளே நீங்கள் வெட்டி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் பிளேடு வேண்டாம். வெட்டிய விளிம்புக்கு டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் விரலைக் கீறும். பிள்ளைகள் கற்களை அடியில் போட்டு, வெட்டிய மேல் பகுதியை மூடியில்லாமல் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே வைத்து ஒட்டுவார்கள். பிறகு கற்கள் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு போட்டு, அங்கிருந்து மேலே அடிமட்டத்தை ஒட்ட வேண்டும்.

பிழை வருவது பெரும்பாலும் போத்தலைத் தெரிவு செய்வதில்தான். நடுவில் இடுப்பு ஒடுங்கிய போத்தலும், வளையம் வளையமாகப் பள்ளம் உள்ள போத்தலும் ஆகாது. வாயில் விழுந்த மழை அதே அகலமுள்ள குழாயில் நின்றால்தான் அடிமட்டம் காட்டுவது உண்மையான மில்லிமீற்றர். ஒடுங்கிய இடத்தில் தண்ணீர் கூட உயரும், மழை அதிகம் என்று பொய் சொல்லும். பெரிய புனலைச் சின்னப் போத்தலில் செருகினாலும் இதே கதைதான். அரை லீற்றர் போத்தலில் பூச்சியக் கோட்டுக்கு மேலே 15 சென்ரிமீற்றர் உயரம் கிடைப்பதே கஷ்டம், பெருமழை நாளில் நிரம்பி வழிந்துவிடும். போத்தலின் அடிப்பகுதி மேடு பள்ளமாக இருப்பதால்தான் கற்களும் தண்ணீரும் போட்டுப் பூச்சியம் வைக்கிறோம். இந்தக் காரணத்தைப் பிள்ளைகளிடம் கேட்டு அவர்கள் வாயாலேயே வரவழைக்கலாம்.

வைக்கும் இடம் அடுத்த வில்லங்கம். கூரைத் தாழ்வாரத்தின் கீழோ, நிழல் மரத்தடியிலோ வைத்தால் அளவு கெட்டுவிடும். பக்கத்தில் 10 அடி உயரக் கொட்டகை இருந்தால் குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். காற்று தூக்கி எறியும், ஆகவே போத்தலின் கால்வாசியை மண்ணில் புதையுங்கள். வெயில் நாளில் பூச்சியத் தண்ணீர் வற்றும், மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். மழை நாளில் அளந்து முடிந்ததும் கோடு வரை கொட்ட வேண்டும். அளப்பது தினமும் காலை 8.30க்கு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்து. வளிமண்டலவியல் திணைக்களத்தின் 24 மணி நேரக் கணக்கும் அந்த நேரத்தில்தான் முடிகிறது, ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

இனி அந்த எண்ணுக்கு உயிர் கொடுக்க வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 10 அடிக்கு 12 அடி காம்பராவின் கூரை 11 சதுர மீற்றர் வரும். அப்படியென்றால் 75 மில்லிமீற்றர் மழைக்கு ஒரு காம்பராக் கூரையில் மட்டும் எவ்வளவு தண்ணீர் விழும் என்று கரும்பலகையில் செய்யச் சொல்லுங்கள். 800 லீற்றருக்கு மேல் வரும். லயத்தில் எத்தனை காம்பரா, மேலே உள்ள மலை எவ்வளவு பெரிது என்று பிள்ளைகளே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் எல்லைகளை அப்போது எழுதுங்கள்: 24 மணி நேரத்தில் 75ஐத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம்.

இந்த இடத்தில் வளவாளருக்குப் பொறுப்பு கூடுகிறது. போத்தல் 60 காட்டுகிறது, பயமில்லை என்று எந்தப் பிள்ளையும் நினைத்துவிடக் கூடாது. பல நாள் பெய்து ஊறிய மலை குறைந்த மழைக்கும் சரியும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று இறுகிப்போன கதவு, புதிதாகக் கிளம்பிய ஊற்று, கலங்கி ஓடும் பீலித் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவைப் பார்க்காமல் பெரியவர்களிடம் ஓடிச் சொல்ல வேண்டும். அழைக்க 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம். எங்கே போய் நிற்பது, எந்தப் பாதையால் என்று கிராம உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அந்தப் பதில் கையில் இல்லாமல் மண்சரிவைப் பற்றிப் பேசினால் பிள்ளைக்குப் பயம் மட்டும்தான் மிச்சம்.

வளவாளர் என்றால் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வாகனத்தில் வர வேண்டும் என்ற நினைப்பும் போக வேண்டும். அந்தத் தோட்டத்திலேயே ஆள் இருக்கிறது. தேயிலை ஆலையில் வாட்டும் தட்டிலோ ரோலரிலோ வேலை செய்யும் ஒருவரைத் தேயிலைத் தூள் செய்துகாட்ட அழைத்துப் பாருங்கள். மருந்து அடிக்காத செடியிலிருந்து இரண்டு இலையும் ஒரு அரும்புமாக 450 கிராம் கொழுந்து போதும், 100 கிராம் தூள் வரும். ஏறக்குறைய நாலரைக் கிலோவுக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. அம்மா ஒரு நாளில் 18 கிலோ எடுத்தால் தூள் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை 4 கிலோ. அதன் விலை கடையில் எவ்வளவு என்று பிள்ளை தானாகக் கேட்கும். கேட்கட்டும்.

ஆனால் இது 40 நிமிடத்துக்குள் அடங்காது. முந்தின நாள் பின்னேரமே கொழுந்தை மெல்லிசாகப் பரப்பி இரவு முழுக்க வாட விட வேண்டும். காம்பு ஒடியாமல் வளைந்தால் பதம். பனி மூடும் நாளில் வாடவே வாடாது, சூடான அறையில் வையுங்கள். வகுப்பில் பிள்ளைகள் செய்வது உருட்டுவது மட்டும்: கையைக் கழுவி, உள்ளங்கைகளுக்கு இடையில் அழுத்தி 15 நிமிடம், சாறு ஒட்டும்வரை. அழுத்தாமல் உருட்டினால் இலை உடைந்து சாறு வெளியே வராது, செப்பு நிறம் வராது, பச்சையாகவே கிடக்கும். நிறம் மாற ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், காலையிலேயே உருட்டிய ஒரு தட்டைப் பக்கத்தில் தயாராக வைத்திருங்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதைப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு, அதே இலையின் வாசம் கையில் மாறும்போது பாடம் வேறு மாதிரி ஏறும்.

கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவரைக் கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது) பற்றியும் மட்டக்கம்பு (கொழுந்து எடுக்கும் மட்டம் பார்க்கும் கம்பு) பற்றியும் பேச அழைக்கிறீர்களா? மிக நல்லது. ஆனால் வேலை நாளில் அவர் வந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, போய்விடும், அல்லது அரைப்பேர்தான் விழும். வெளியிலிருந்து வருபவருக்குப் பொன்னாடையும் பகல் சாப்பாடும் கொடுக்கிற பழைய மாணவர் சங்கம், இவருக்கு முழுப் பேர்ச் சம்பளத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் "சேவை மனப்பான்மை" என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தப்பு மேளம் அடிக்கும் அண்ணன்மாரையும், காமன் கூத்து என்ற நாட்டுக்கூத்தைப் பழக்கும் வாத்தியாரையும் இதே மரியாதையோடு அழையுங்கள். ஒன்று மட்டும்: மலைநாட்டு ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துவிடும், அடிக்கும் முன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். அதனால் வகுப்பறைக்குள் வேண்டாம், மைதானத்தில் வைக்கோலும் கடதாசியும் எரிக்க இடம் ஒதுக்குங்கள். தோல் ஏன் காய்ந்தால் கணீர் என்கிறது என்று விஞ்ஞான ஆசிரியரும் பக்கத்தில் நின்று சொல்லலாம்.

எந்த நிகழ்ச்சியானாலும் வகுப்பாசிரியர் அறையை விட்டுப் போகக் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை முகநூலில் போடக் கூடாது.

மழைமானி வைத்துவிட்டுப் போகிறவர் ஒரு 80 பக்கக் கொப்பியும் விட்டுப் போங்கள்: திகதி, அளவு, அளந்தவர் பெயர், மூன்றே நிரல். சனி, ஞாயிறு அளக்கப் பாடசாலைக்குப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இருவரைப் பெயர் குறித்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திங்கள் காலை மூன்று நாள் மழை ஒரே அளவாகப் பதியப்படும். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு பாடவேளை வாங்கி, அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துப் பேசுங்கள்.