'பீப்' ஒலித்தால் வயரிங் நலம் என்பது சரியல்ல

"காரில் மல்டிமீட்டர் (மின்சாரத்தை அளக்கும் கருவி) 'பீப்' என்று ஒலித்துவிட்டால் வயரிங்கில் குறையில்லை, ஓடும்போது இடையிடையே இன்ஜின் அணைந்தால் ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றுவதுதான் வழி" என்று ஒருவர் எழுதியிருப்பது பலரை வீண் செலவில் இழுத்துவிடும் என்பதால் இதைத் திருத்த விரும்புகிறேன். வயரின் இரு முனைகளையும் தொட்டு இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அந்த 'பீப்' சோதனையில் மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், வயரின் செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று அறாமல் இருந்தாலும் அது ஒலிக்கும். ஆனால் ஃபியூவல் பம்ப் பல ஆம்பியர் இழுக்கும்போது அதே வயரில் மின்னழுத்தம் சரிந்துவிடும். ஆகவே இன்ஜின் ஓடும்போதே, ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் முதலில் எர்த் இணைப்பை (பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினோடு இணைக்கும் வயர்) கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

என் காரில், இன்ஜினின் சுழற்சியை ஈசியூவுக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சார் வயரின் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. விரலால் வளைத்துக்கொண்டே வந்தபோது ஓரிடம் மட்டும் நூலைப்போலத் துவண்டது. உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, பெல்ட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் கையை எட்டவிடாமல், ஹார்னெஸை (வயர்க் கட்டு) சாண் சாணாக அசைத்து, இன்ஜின் அணைகிறதா என்று பார்ப்பதே இத்தகைய முறிவைக் காட்டிக்கொடுக்கும். ஈசியூ பழுதாவதும் உண்டுதான். அதற்கு வரும் சப்ளையையும் எர்த்தையும் லோடில் (மின்சாதனங்கள் ஓடும் நிலையில்) அளந்து முடிக்காமல் அதன்மேல் கை வைக்காதீர்கள்.