அவசரநிலைக்குப் பிரதமரின் கடிதம் மட்டும் போதுமா?

"பிரதமர் கடிதம் கொடுத்தாலே அவசரநிலை வந்துவிடும்" என்று பாம்பன், தங்கச்சிமடம் நண்பர்கள் சிலர் இங்கே எழுதியிருக்கிறீர்கள். 1975 ஜூன் 25 இரவு நடந்தது அதுதான். இன்று அது செல்லாது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் குடியரசுத் தலைவருக்குப் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையில் (மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல்) ஏற்க வேண்டும்.

அன்றும் அமைச்சரவையைக் கேட்கும் விதி இருந்தது. மத்திய அரசு அலுவல்களை நடத்தும் விதிகளில் 12ஆவது விதி பிரதமருக்குத் தரும் விலக்கைக் காட்டி அதைத் தாண்டினார்கள். அமைச்சர்கள் ஒப்புக்கொண்டதே மறுநாள் காலைதான். அதனால்தான் அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம் இந்த வரம்பை அரசியலமைப்புக்குள்ளேயே எழுதி வைத்தது.

சரிபார்க்க, மத்திய சட்ட அமைச்சக இணையதளத்தில் அரசியலமைப்பைத் திறந்து அவசரநிலை பற்றிய பிரிவு 352-இன் (3), (4), (6) உட்பிரிவுகளைப் படியுங்கள். இந்த மாற்றம் அமலான தேதி 20-6-1979 அடிக்குறிப்பில் இருக்கும்.