அந்தக் கண்ணை வரைய நீங்கள் யார்?

மூன்று நாட்கள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பரிசுப்பொருள் கடையின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே இருபது பேர் அனுப்பிவிட்டீர்கள். ஜப்பானின் சிவப்பு தருமா பொம்மை, இரண்டு கண்களும் பளிச்சென்று அச்சடித்துத் தயாராக இருக்கிறது. வடகிழக்கு மூலையில் வைத்தால் பணம் கொட்டும் என்கிறார்கள். அதன் கீழே மரியாதையாகத்தான் இரண்டு வரி எழுதினேன்: தருமாவின் கண்கள் வெறுமையாக இருக்க வேண்டும், வாங்குபவர்தான் வரைய வேண்டும் என்று. வந்த பதில்களில் மிகவும் மென்மையானது, "ஜப்பானில் நாலு வருடம் இருந்தவர்கள் எல்லாம் பாடம் எடுக்க வந்துவிட்டார்கள்" என்பது.

பதினொரு வருடம் இருந்தேன். அதில் ஒன்பது வருடம் குன்மா மாகாணத்தின் தகாசாகியில். ஜப்பானில் செய்யப்படும் தருமா பொம்மைகளில் சுமார் 80 விழுக்காடு அந்த ஊரில்தான் செய்யப்படுகின்றன. அதனால் பேசுகிறேன்.

தருமா அதிர்ஷ்டத்தைக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் கொட்டுகிற பொம்மை அல்ல. மனத்தில் ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டு பொம்மையின் இடது கண்ணை நீங்கள் வரைகிறீர்கள். காரியம் முடிந்த அன்று வலது கண்ணை வரைகிறீர்கள். இடையில் இருக்கும் நாட்கள் முழுவதும் அது ஒற்றைக் கண்ணோடு உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த வெற்றுக் கண்தான் பொம்மையின் உயிர். அதைக் கடையிலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டால் நீங்கள் வாங்கிப்போவது சிவப்புச் சாயம் பூசிய காகிதக்கூடு மட்டும்தான்.

பிறந்த கதையாவது தெரியுமா? 1783இல் அசாமா எரிமலை வெடித்தது. தென்மேய் பஞ்சம் அந்தப் பகுதியை வாட்டி எடுத்த காலம் அது. ஷோரின்சான் தருமாஜி கோயிலின் துறவி தோகாகு மர அச்சு ஒன்றைச் செய்து, அதன்மேல் காகிதம் ஒட்டிப் பொம்மை செய்ய உழவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது கோயில் வரலாறு. வயலில் ஒன்றும் விளையாதபோது சோறு போட்ட பொம்மை. அடியில் கனம் வைத்திருப்பதால் தள்ளினால் எழுந்து நிற்கும். ஏழு முறை விழுந்தால் எட்டாவது முறை எழு என்பது அங்கே சொல்வழக்கு. சிவப்பு நிறம், பொம்மை யாருடைய உருவமோ அந்தப் போதிதர்மரின் அங்கியைக் குறிப்பது. பெரியம்மையைச் சிவப்பு விரட்டும் என்ற நம்பிக்கையும் அந்தக் காலத்தில் இருந்தது. புருவத்தை உற்றுப் பாருங்கள், கொக்கு. மூக்குக்குக் கீழே விரியும் மீசை, ஆமை. இரண்டும் நீண்ட ஆயுளின் அடையாளங்கள். இவ்வளவையும் கையால் வரைகிற கைவினைஞர், கண்ணை மட்டும் விட்டுவிடுகிறார். வேண்டுமென்றே விடுகிறார். உங்களுக்காக விடுகிறார்.

தகாசாகிக்குப் போன முதல் சனவரியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரான வீட்டுக்காரம்மா எனக்கு ஒரு தருமா வாங்கிக் கொடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர், இளவயதில் தருமா பட்டறையில் மீசை வரைந்தவர். இந்த வருடத்துக்குள் மனைவியையும் மகளையும் அழைத்துவந்துவிட வேண்டும் என்று நினைத்து இடது கண்ணை வரைந்தேன். பொம்மையைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தேன். தினமும் காலையில் பால் எடுக்கப் போனால் அது பார்க்கும். சேமிப்பு போதவில்லை, வீடு அமையவில்லை, விசா தாள்கள் திரும்பித் திரும்பி வந்தன. டிசம்பரில் அதைக் குப்பையில் போடப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது என்ன செய்தது பாவம்? ஒரு வருடம் உன்னோடு உட்கார்ந்திருந்தது. நன்றி சொல்லி அனுப்பு" என்றார்.

சனவரி 6, 7 தேதிகளில் நடக்கும் விழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கோயில் படியேறினார். மேலே பழைய தருமாக்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. எரிப்பதற்காகத் திருப்பிக் கொடுக்கப்பட்டவை. அவற்றில் எத்தனை ஒற்றைக் கண் பொம்மைகள்! அத்தனை பேருடைய நிறைவேறாத வருடங்கள் வரிசையாக என்னைப் பார்த்தன. என் பொம்மையையும் அங்கே வைத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு இறங்கினேன். இரண்டு கண்ணும் அச்சடித்த பொம்மையில் இதற்கு எங்கே இடம்? தோற்றவனுக்கு அதில் இடமே இல்லையே!

"போதிதர்மர் நம் காஞ்சிபுரத்து இளவரசர், நம் பொருளை நாம் எப்படியும் செய்துகொள்வோம்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இந்தப் பொம்மை போதிதர்மரின் உருவம்தான், ஒப்புக்கொள்கிறேன். சுவரைப் பார்த்து ஒன்பது வருடம் தியானத்தில் இருந்து கைகால்களை இழந்தார் என்ற கதையால்தான் அதற்குக் கைகால் இல்லை. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று மரபு சொல்கிறது. அவரைப் பற்றிப் பேசும் மிகப் பழைய சீன நூலான, 547 வாக்கில் யாங் சுவான்ட்ஷீ எழுதிய நூல், பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அவர் காஞ்சிபுரத்தவராக இருந்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் பொம்மையைச் செய்தவர்கள் தகாசாகி உழவர்கள். பெருமைக்கு மட்டும் நம்முடையது, அதன் முறையைக் கேட்டால் வெறும் பொம்மையா?

இன்னொருவர் செண்டாய் நகரத்து மட்சுகவா தருமாவின் படத்தை அனுப்பி, இதற்கு முதலிலேயே இரண்டு கண் உண்டே என்றார். உண்டு. அது வேறு மரபு. முகத்தைச் சுற்றி நீலம் இருக்கும், வயிற்றில் புதையல் கப்பல் இருக்கும். கடையில் விற்பது கொக்குப் புருவமும் ஆமை மீசையும் உள்ள தகாசாகி தருமா. இதற்கு மேல் அவரிடம் வாதாட விருப்பமில்லை.

ஜப்பானிய அரசியல்வாதிகளே தேர்தலுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறீர்கள். ஆமாம், ஆனால் இரண்டாவது கண்ணை எப்போது வரைகிறார்கள்? வென்ற பிறகு. அவர்களுக்கே அந்தப் பொறுமை இருக்கிறது.

"பொம்மைதானே, எதற்கு இவ்வளவு கோபம்" என்பவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டாவது வருடம் செப்டம்பரில் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு அப்போது நான்கு வயது. புதிய தருமாவின் வலது கண்ணை வரைய, வீட்டுக்காரம்மா தூரிகையை அவள் கையில் கொடுத்தார். அவள் அழுத்திய அழுத்தில் மை கண்ணைத் தாண்டிக் கன்னம் வரை வழிந்தது. அந்த அம்மா கைதட்டினார். என் மனைவி அழுதாள். அதைப் பார்த்தவனிடம் போய், கண் அச்சடித்தே வருகிறது, உங்களுக்கு வேலை மிச்சம் என்று விளம்பரம் செய்தால் எனக்கு வலிக்காதா?

முறைப்படி அந்தப் பொம்மையையும் கோயிலில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. முறை பேசுகிறவர் முறையை மீறலாமா என்று நாளை ஒருவர் கேட்பார், கேட்கட்டும். இங்கே என் புத்தக அலமாரியில், மை வழிந்த கன்னத்தோடு இருக்கிறது. நேற்று இரவு மகள் கல்லூரி விடுதியிலிருந்து அழைத்தாள். அந்தப் பின்னூட்டங்களை எல்லாம் படித்திருக்கிறாள். "அப்பா, இந்தச் சனவரியில் நாம் இரண்டு பேரும் போய் அதைக் கோயிலில் கொடுத்துவிட்டு வருவோமா?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.