இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

"கொல்லிமலையில் நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம்" என்று பைக் ஓட்டுறவங்க சிலர் சொல்வது தவறு. எஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும்) வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுசா விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு, அதாவது இன்ஜின் சும்மா ஓடுவதற்குப் பெட்ரோல் செலவாகும். கார்புரேட்டர் வண்டியில் மிச்சமானாலும் சொட்டுக் கணக்குதான்.

பெரிய சிக்கல் பிரேக். நியூட்ரலில் இன்ஜின் வேகத்தைப் பிடிக்காது, எல்லாச் சுமையும் பிரேக்குக்குத்தான். அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கம் 70 கொண்டை ஊசி வளைவு. மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் போகும்; டிஸ்க்கில் பிரேக் ஆயில் கொதித்து லீவர் கைப்பிடியைத் தொடும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் இழுத்த பழசு 155-லேயே கொதிக்கலாம். இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்றுங்க.

ஏறின கியரிலேயே இறங்குங்க. வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர், விட்டு விட்டு பிரேக். இறங்கும்போது சாவியை ஆஃப் செய்யாதீங்க; ஹார்னோடு ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) போய்விடும்.