அந்த 40 விநாடி வீடியோவுக்காக

வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்த் திருவிழாவில் போட்ட ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி வேஷம் கட்டிய அம்மா மேடைக்கு வரும் 40 விநாடி. பின்னணியில் ஒரு குத்துப்பாட்டு, மேலே ‘பாட்டி வள்ளி’ என்று எழுத்து, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எடுத்தவன் நம் ஊர்ப் பையன்தான், பெயர் சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன் தம்பி, நாடகத்தை உட்கார்ந்து பார்த்தாயா?

பார்க்கவில்லை. கோமாளியாக வரும் பபூனும் டான்ஸும் முடிந்ததுமே பாதி நாற்காலி காலி. வள்ளி வந்தபோது மணி ஒன்றரை. அதை எடுத்துக்கொண்டு நீயும் கிளம்பிவிட்டாய். அதற்கு அப்புறம்தான் நாடகமே.

ஆண் உசத்தியா பெண் உசத்தியா என்று நாரதர் தர்க்கத்தை ஆரம்பித்தார். அந்த அம்மா முக்கால் மணி நேரம் விடவில்லை. பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். ஸ்பெஷல் நாடகம் என்கிற இந்த வகை நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நாரதர் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறொரு ஊர். இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கட்டிக் கொடுத்த பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான் அன்று சாயங்காலம் சந்தித்தவர்கள் விடிய விடிய நடிக்க முடிகிறது. நம் மேல்மலைப் பனி எப்படி என்று உனக்குத் தெரியும். ஆர்மோனியக்காரர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் காலடியில் இருந்த தணல் சட்டிக்கு மேல் விரலை நீட்டி நீட்டி மடக்கினார். அந்த அம்மாவுக்குத் தணலும் இல்லை, சால்வையும் இல்லை. வள்ளி சால்வை போர்த்திக்கொண்டு வர முடியாதே.

வயதானவர் ஏன் வள்ளி வேஷம் கட்ட வேண்டும் என்று நேற்று ஒருவர் கேட்டார். முருகனாக வந்த ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். ‘தாத்தா முருகன்’ என்று யாரும் வீடியோ போடவில்லையே?

பபூன் பச்சையாகப் பேசுகிறார் என்கிறீர்கள். சரி, பேசுகிறார், எனக்கும் பிடிக்காது. ஆனால் கைதட்டி விசிலடித்தது நாம்தான்.

நல்ல நாடகம் பார்க்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று இன்னொருவர். நானும் போகிறவன்தான். இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’, இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய ‘ஔவை’, எங்கே போட்டாலும் போய்ப் பாருங்கள். ஆனால் 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, புரிசை என்ற கிராமத்துத் தம்பிரான்களின் தெருக்கூத்தைப் பார்த்து மயங்கியவர். நவீன நாடகக்காரர்களே கிராமத்து மேடையைத் தேடி வந்தார்கள். நம் வாசலுக்கு வந்த மேடையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

முதல்முறை பார்க்கிறவர்கள் அரிச்சந்திர மயான காண்டத்தில் தொடங்குங்கள். செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சந்திரமதி அழ, புருஷனே வந்து சுடுகாட்டுக் கூலி கேட்கும் இடத்தில் கண் கலங்காதவர்களை நான் பார்த்ததில்லை. அப்புறம் பவளக்கொடி.

எனக்கு என்றும் வள்ளி திருமணம்தான். அதற்குக் காரணம் எங்கள் அப்பத்தா. உருளைக்கிழங்குக் காட்டில் குடிசை போட்டு, காட்டுமாடும் பன்றியும் இறங்காமல் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டியவள். வருஷத்தில் ஒரு ராத்திரி மட்டும் காவலை வேறொருவரிடம் விட்டுவிட்டு, என்னைக் கம்பளிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவாள். வள்ளி பரண் மேல் ஏறி ஆலோலம் பாடியதும் என் காதில் சொல்வாள்: “பகல்ல குருவி வெரட்டுறவளுக்கே இம்புட்டுப் பாட்டுன்னா, ராவெல்லாம் பன்னி வெரட்டுறவளுக்கு எம்புட்டுப் பாடணும்!” தினைப்புனம் காத்த பெண்ணின் கதை எங்கள் அப்பத்தாவின் கதை. உன் பாட்டியின் கதையும்தான் தம்பி. அவரும் தகரம் தட்டியவர், எனக்குத் தெரியும். நீ ‘பாட்டி’ என்று எழுதிச் சிரித்தது யாரை?

நேற்று அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். வீடியோவை மகள் காட்டினாளாம். அதைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை. “அடுத்த வருஷமும் கூப்பிடுவீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். கூப்பிடுவோம் அம்மா என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கமிட்டிக் கூட்டம். வீடியோவை அதற்குள் நீக்கிவிடு தம்பி.