மைக்கைப் பிடுங்கியவருக்கும் கைதட்டிச் சிரித்தவர்களுக்கும்

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். இன்று காலை பசியாறும்போது நாலாவது வாட்சாப் குழுவிலிருந்தும் அதே காணொளி வந்து விழுந்தது. எதைச் சொல்கிறேன் என்று பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். பேச்சுப்போட்டி மேடையில் ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன். நான்காவது வரியில் பேச்சு நின்றது, அழுகை வந்தது. "ஆம்பளப் பிள்ள அழலாமா?" என்று கேட்டு மைக்கைப் பிடுங்கிக்கொண்டார் அறிவிப்பாளர். மண்டபமே சிரித்தது.

காணொளிக்குக் கீழே நம் ஆட்களின் தீர்ப்பு: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனதைரியமே இல்ல."

ஐயா, அழுதுவிட்டு அதே இடத்துக்குத் திரும்பிப் போய் நிற்பதற்குப் பெயர்தான் மனதைரியம். ஒன்பது வயதில் அது தனியாக வராது. பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். அந்த மேடையில் பெரியவர்களுக்கா பஞ்சம்? பொன்னாடை வாங்க மட்டும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

ஒரு நிமிட வேலை. குனிந்து அவன் கண்மட்டத்துக்கு வந்து, முதுகில் கை வைத்து, மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து ஐந்து எண்ணும்வரை விட வைக்க வேண்டும். ஐந்தாறு முறை போதும். விடும் மூச்சு நீண்டால் படபடப்பு தணியும். சூடான மைலோவை ஊதுகிற மாதிரி என்றால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஆனால் அழும் நேரத்தில் முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தால் எரிச்சல்தான் வரும். தூங்கப்போகும் முன் பழக்கியிருக்க வேண்டும். பிறகு, "பயமா, கூச்சமா, மறந்துபோச்சேன்னு கோபமா?" என்று கேளுங்கள். நம் வீடுகளில் இந்த மூன்றுக்கும் ஒரே பெயர், அடம்.

அவன் மறந்ததற்கும் காரணம் உண்டு. முழுப் பேச்சையும் ஒரே கயிறாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நடுவில் ஓர் இழை அறுந்தால் எல்லாம் போச்சு. ஐந்து துண்டாக்கி, துண்டுக்கு ஒரு சொல்லை அடையாளமாகக் கொடுத்து, மூன்றாம் துண்டிலிருந்து தொடங்கவும் பழக்கிப் பாருங்கள். வேண்டுமென்றே நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த சொல்லைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

"செல்லம் கொடுத்துக் கெடுக்கச் சொல்றியா?" என்பீர்கள். அவனை மறுபடி மேடையேறச் சொல்வது நான். இறக்கிவிட்டது நீங்கள். "சரி, இனிமே போட்டியே வேணாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டால் அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும்; அந்த நிம்மதியிலேயே பயம் வளரும். முதலில் வீட்டில் இரண்டு பேர் முன்னால், அடுத்த வாரம் ஐந்து பேர், அப்புறம் வகுப்பு. இதில் எங்கே இருக்கிறது செல்லம்?

அடுத்தது ரோத்தான் (பிரம்பு) கட்சி. "நாங்க அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?" நல்லா இருக்கிறவர்கள் ராத்திரி ஒரு மணிக்கு, பிள்ளை அழுவதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போடுவார்களா? ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரின் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தது. அவர்களில் வறுமையும் குடும்பச் சச்சரவும் சூழ்ந்திருந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். அவர்களிடம் கண்ட முக்கியமான பலம், நம்பிச் சாய ஒரு பெரியவராவது இருந்தது. பெற்றவர்தான் என்றில்லை. பாட்டி, அண்டை வீட்டார், ஆசிரியர்.

"ரெண்டு வேலை பார்க்கிறோம், நேரமில்ல" என்பவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. காணொளியைப் பகிர மட்டும் நேரம் கிடைத்தவர்களிடம் உண்டு.

2021இல் யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு ஒழிந்தது என்று மூச்சு விட்டோம். அந்த நாற்காலியில் இப்போது கோப்பைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. யாருக்காக இந்தப் போட்டிகள்? பிள்ளைக்கா, நம் முகநூல் பக்கத்துக்கா? படம் பிடித்தவர் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

இந்தப் பதிவின் கீழ் அந்த இணைப்பைப் போட்டால் நீக்கிவிடுவேன். மாமா, அண்ணன் என்று உறவு சொல்லிக்கொண்டு வந்தாலும்தான். நாளை திங்கட்கிழமை. அந்தப் பையன் கேண்டீன் வரிசையில் நிற்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் நிற்கிறவன் வீட்டுக் கைப்பேசியில் அவன் அழுதுகொண்டிருக்கிறான்.