செம்மொழிப் பூங்காவுக்கு மணிக்கூண்டு எதற்கு?

கோவை மத்திய சிறை நிலத்தில் எழுந்துள்ள செம்மொழிப் பூங்காவுக்குள் ஒரு மணிக்கூண்டும் கட்டினால் எடுப்பாக இருக்கும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். 2010 செம்மொழி மாநாட்டை ஒட்டி அறிவிக்கப்பட்டு, 2025 நவம்பரில்தான் திறக்கப்பட்ட பூங்கா அது. அதில் இனி எதைக் கட்டலாம் என்று யோசிப்பதற்கு முன், ஊரில் ஏற்கெனவே நிற்கும் மணிக்கூண்டைச் சற்று அண்ணாந்து பார்க்கலாம்.

ஏ.டி. திருவேங்கடசாமி முதலியாரின் நினைவாக எழுப்பப்பட்ட டவுன்ஹால் மணிக்கூண்டின் அருமை, ஆலைச் சங்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். 1888-இல் இங்கே நூற்பாலை தொடங்கிய பிறகு, பஞ்சாலைத் தொழிலாளியின் பொழுது சங்கின் கையில் இருந்தது. சங்கு ஊதினால் எழ வேண்டும், ஊதினால் ஷிப்டுக்குள் நுழைய வேண்டும். அதை எப்போது ஊதுவது என்பது நிர்வாகத்தின் முடிவு. மணிக்கூண்டு அப்படி யாரையும் வேலைக்கு அழைக்கவில்லை. கைக்கடிகாரம் வாங்க முடியாதவரும் கடைவீதியில் நின்று, எவரையும் கேட்காமல், தாமே மணி பார்த்துக்கொள்ள வழி செய்தது. (செல்பேசி வந்த பிறகு இது பெரிய விஷயமாகத் தோன்றாதுதான்.)

பூங்கா நிலத்தின் வரலாறோ வேறு. 1908-இல் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்தது இந்தச் சிறையில்தான். அந்தச் செக்கு இன்றும் சிறை வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அருகிலுள்ள வ.உ.சி. பூங்காவில் குழந்தைகளோடு பொழுது போக்கும் எத்தனை பேருக்கு, அந்தப் பெயர் ஏன் இங்கே வந்தது என்று தெரியும்? இவ்வளவு கனமான கதை சொந்தமாக இருக்கும் இடத்தில், படம் எடுத்துக்கொள்வதற்காக ஒரு கடிகாரத்தை நட்டு வைப்பது எனக்கு ஒப்பவில்லை. கட்டத்தான் வேண்டுமென்றால், மர நிழலில் இரண்டு கல் இருக்கைகளும், சிறையின் கதையைப் பிழையில்லாத தமிழில் சொல்லும் ஒரு பலகையும் போதும்.

கோபுரம் கட்டுவது ஓராண்டு வேலை. கடிகாரத்தை ஓட வைப்பதோ ஓயாத வேலை. பல்சக்கரத்தில் தூசி படியும், எண்ணெய் காய்ந்து முள் கனக்கும். நான்கு முகமும் நான்கு நேரம் காட்டும் மணிக்கூண்டை நம் ஊர்களில் பார்க்காதவர் யார்? புதுக் கோபுரத்துக்குப் பணம் ஒதுக்க முடியுமென்றால், டவுன்ஹால் கடிகாரத்தைக் கவனிக்க வேலை தெரிந்த ஒருவரை நிரந்தரமாகவே நியமித்துவிடலாம்.